மேளச் சத்தம் கேட்டால் நாய் ஊளையிடுவது ஏன்?

சகுனம் பார்க்க வேண்டாம்... குரலைப் பிரித்தறியப் பழகுங்கள்!

திருப்பத்தூரிலிருந்து மலைச்சாலையில் ஏறிப்போனால் வருவது புதூர்நாடு. ஜவ்வாது மலையின் திருப்பத்தூர் பக்கத்தில் இருக்கும் புதூர்நாடு, நெல்லிவாசல் நாடு, புங்கம்பட்டு நாடு மூன்றிலும் மலையாளிப் பழங்குடி மக்கள்தான் அதிகம். சரிவுகளில் சிதறிக் கிடக்கும் சின்னச் சின்ன ஊர்கள். சாமை, கேழ்வரகு விளையும் கொல்லை, ஆட்டுப்பட்டி, மாட்டுக்கொட்டகை, வாசலில் காவலுக்கு ஒரு நாய். இப்படிப்பட்ட மலையூரில் திருவிழாவுக்கு மேளம் முழங்கினால், எதிர்ச்சரிவில் இருக்கும் ஊர்வரை கேட்கும்.

நாதஸ்வரக்காரர் நீளமாக ஒரு ஸ்வரம் பிடித்ததும் வாசலில் படுத்திருந்த நாய் எழுந்து உட்காரும். கழுத்தை நீட்டி, வாயைக் குவித்து, வானத்தைப் பார்த்து ஊளையிடும். அதைக் கேட்டு அடுத்த வீட்டு நாயும், அதற்கடுத்த வீட்டு நாயும் சேர்ந்துகொள்ளும். மலையில் மட்டுமல்ல, மார்கழி விடியலில் கோயில் ஒலிபெருக்கி பாடும் எல்லா ஊரிலும் நடப்பதுதான் இது.

‘நல்ல காரியம் நடக்கும்போது நாய் ஊளையிட்டால் வீட்டுக்கு ஆகாது’ என்று யாராவது சொல்லிவிட்டால் போதும். நாய்க்குக் கல்லடி நிச்சயம். சில வீடுகளில் அந்த நாயைத் தூரமாகக் கொண்டுபோய் விட்டுவிடுவதும் உண்டு. அப்படி விரட்டப்பட்ட நாய் அன்றிரவு பட்டிக்குக் காவல் இருக்காது. காட்டுப்பன்றி கொல்லைக்குள் இறங்கினால் குரல் கொடுக்க ஆளிருக்காது. இசை கேட்டு ஊளையிடும் நாயை அடிப்பதால் நஷ்டம் விவசாயிக்குத்தான்.

இதற்கு நேர்மாறான தவறும் ஒன்று இருக்கிறது. நோயால் குரல் மாறிப்போன நாயை, ‘சத்தம் கேட்டுக் கத்துகிறது’ என்று அலட்சியமாக விட்டுவிடுவது. அது உயிருக்கே உலை வைக்கும். எனவே, நாய் எப்போது எதற்காகக் குரல் கொடுக்கிறது என்று தெரிந்துவைத்திருப்பது, நாய் வளர்க்கும் ஒவ்வொரு வீட்டுக்கும் அவசியம்.

ஊளை என்பது கூப்பிடு குரல்

நாயின் முன்னோர் ஓநாய். குறைந்தது 15,000 ஆண்டுகளுக்கு முன்பே நாய் மனிதரோடு சேர்ந்துவிட்டது என்கிறார்கள் ஆராய்ச்சியாளர்கள். குணம் மாறியது, உருவம் மாறியது. ஆனால், ஓநாயிடமிருந்து வந்த ஊளை மட்டும் தொண்டையிலேயே தங்கிவிட்டது.

ஓநாய்கள் கூட்டமாக வாழ்பவை. இரை தேடி ஆளுக்கொரு திசையில் பிரிந்துபோனால், மீண்டும் ஒன்றுசேர ஊளையிடும். ‘நான் இங்கே இருக்கிறேன், நீ எங்கே?’ என்பதுதான் அதன் பொருள். வேறொரு கூட்டத்துக்கு, ‘இது எங்கள் எல்லை’ என்று அறிவிப்பதற்கும் அதே ஊளைதான். ஒன்று கூப்பிட்டால் மற்றவை பதில் சொல்லும். காடு முழுக்கப் பரவ வேண்டிய குரல் என்பதால் அது நீளமாகவும், ஏறி இறங்கியும் ஒலிக்கும். தலையைத் தூக்குவதும் அதற்காகத்தான். தொண்டை நேராகி, குரல் தடையில்லாமல் வெளியே போகும்.

ஓநாய்க்குப் பதில் சொல்ல இன்னொரு ஓநாய்தான் வேண்டும் என்பதுமில்லை. கனடா நாட்டில் அல்கான்குயின் என்றொரு வனப்பூங்கா இருக்கிறது. அங்கே 1963-ம் ஆண்டிலிருந்து, பொதுமக்களை இரவில் காட்டோரம் அழைத்துச் செல்லும் வழக்கம் உண்டு. வனப்பணியாளர்கள் வாயைக் குவித்து ஓநாய்போல ஊளையிடுவார்கள். அருகில் ஓநாய்க் கூட்டம் இருந்தால் இருட்டுக்குள்ளிருந்து பதில் வரும். மனிதத் தொண்டையிலிருந்து வரும் ஓசையையே கூட்டத்தின் குரலாக எடுத்துக்கொள்கிறது ஓநாய். அப்படியென்றால், நாதஸ்வரத்துக்கு நாய் பதில் சொல்வதில் ஆச்சர்யமில்லை.

நாதஸ்வரத்துக்கு ஊளை, தவிலுக்குக் குரைப்பு!

எல்லா வாத்தியத்துக்கும் நாய் ஊளையிடுவதில்லை. உற்றுக் கவனித்தால் இது புரியும். நாதஸ்வரம், முகவீணை, ஹார்மோனியம், புல்லாங்குழல், சங்கு, வயலின் போன்றவற்றுக்கு ஊளை வரும். 108 ஆம்புலன்ஸ் சைரனுக்கும் வரும். ஆனால் தவில், பம்பை, பறை, உடுக்கை ஆகியவற்றுக்குப் பெரும்பாலும் குரைப்பு வரும். அல்லது நாய் ஓடி ஒளியும்.

காரணம் ஓசையின் அமைப்பில் இருக்கிறது. தோல் வாத்தியத்தில் அடி விழுந்ததும் சத்தம் எழுந்து, உடனே அடங்கிவிடும். காற்று வாத்தியத்தில் மூச்சு இருக்கும்வரை ஒரே ஓசை நீண்டு நிற்கும். நாதஸ்வரத்தில் ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொரு ஸ்வரத்துக்கு வழுக்கிக்கொண்டே போகும். நீண்டு நிற்பது, ஏறி இறங்குவது ஆகிய இரண்டும் ஊளையின் அடையாளங்கள்.

மூன்றாவது, சுருதி. ஓசை எவ்வளவு கீச்சென்று இருக்கிறது, எவ்வளவு கனமாக இருக்கிறது என்பதை ஒரு நொடிக்கு எத்தனை அதிர்வு என்று கணக்கிடுவார்கள். இதற்கு ஹெர்ட்ஸ் என்று பெயர். கனடாவில் ஓநாய்களின் ஊளையைப் பதிவுசெய்து 1967-ல் வெளியிட்ட ஆய்வில், அதன் அடிப்படைச் சுருதி சுமார் 150 முதல் 780 ஹெர்ட்ஸ் வரை இருந்தது. ஹார்மோனியப் பெட்டியின் நடு ஸ்தாயி தோராயமாக 260 முதல் 520 ஹெர்ட்ஸ். ஊளையின் எல்லைக்குள்ளேயே ஹார்மோனியம் உட்கார்ந்திருக்கிறது!

திருப்பத்தூர், வேலூர், திருவண்ணாமலை வட்டாரத்தில் தெருக்கூத்து விடிய விடிய நடக்கும். கூத்துக்கு ஹார்மோனியமும் முகவீணையும் முக்கியம். கூத்து நடக்கும் ஊரில் நாய்களும் விடிய விடியக் குரல் கொடுப்பதற்கு இந்தப் பொருத்தமே காரணம்.

காதும் காற்றும்

மனிதக் காது 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். நாயின் காது சுமார் 45,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். அதாவது, வாத்தியத்திலிருந்தும் ஒலிபெருக்கியிலிருந்தும் வரும் மெல்லிய கீச்சொலிகள் நமக்குக் கேட்காவிட்டாலும் நாய்க்குக் கேட்கும். இதைப் பயன்படுத்தித்தான், மனிதருக்குக் கேட்காத உயர்ந்த ஓசை எழுப்பும் விசிலை இங்கிலாந்தின் பிரான்சிஸ் கால்டன் 1876-ல் உருவாக்கினார். இன்று நாய் பழக்குபவர்கள் பயன்படுத்தும் விசில் அந்த வழியில் வந்ததுதான்.

மலையூர்களில் இன்னொரு காரணமும் சேர்ந்துகொள்கிறது. இரவில் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து, மேலே இருக்கும் காற்று அதைவிட வெதுவெதுப்பாக இருக்கும். அப்போது சத்தம் மேலே போய்க் கலையாமல் தரைப்பக்கமே வளைந்து, வெகுதூரம் பயணிக்கும். பகலில் கேட்காத பக்கத்து ஊர் மேளம், இரவில் நாயின் காதில் தெளிவாக விழுந்துவிடும். வீட்டில் இருப்பவர்களுக்கு எதுவுமே கேட்காது. ‘காரணமே இல்லாமல் நாய் அழுகிறது’ என்ற பயம் இங்கேதான் தொடங்குகிறது.

சாவு வீட்டுச் சங்கும் ‘எமதூதர்’ கதையும்

நாயின் கண்ணுக்கு எமதூதர் தெரிவார்கள், அதனால்தான் சாவு நேரத்தில் ஊளையிடுகிறது என்பது ஊர்ப்புறங்களில் நெடுநாள் நம்பிக்கை. சாவு வீட்டில் என்ன நடக்கிறது என்று யோசித்துப் பார்த்தால் விஷயம் விளங்கும். சங்கு ஊதுகிறார்கள். பெண்கள் நீளமாக இழுத்து ஒப்பாரி வைக்கிறார்கள். சங்கொலியும் ஒப்பாரியும் நீண்டு, ஏறி இறங்கும் ஓசைகள். நாயின் ஊளையைத் தூண்டக்கூடியவை. துக்கம் நடந்த இரவில் நாய் ஊளையிட்டது மனதில் ஆழமாகப் பதிந்துவிடும். கல்யாணத்தில் ஊளையிட்டதும், ஆம்புலன்ஸ் போனபோது ஊளையிட்டதும் மறந்துபோகும். நாய் சாவை அழைத்து வரவில்லை. சாவு வீட்டுச் சங்குக்குப் பதில் சொல்லியிருக்கிறது.

எல்லா நாயும் ஏன் ஊளையிடுவதில்லை?

ஒரே வீட்டில் இரண்டு நாய் இருந்தால், ஒன்று ஊளையிடும். மற்றது காதை மட்டும் ஆட்டிவிட்டுப் படுத்துக்கொள்ளும். ஹங்கேரி நாட்டின் புடாபெஸ்ட் நகரில் உள்ள ஈயோட்வோஷ் லோராண்ட் பல்கலைக்கழகத்தில் இதை ஆராய்ந்திருக்கிறார்கள். 68 நாய்களுக்கு ஓநாய் ஊளையின் ஒலிப்பதிவைப் போட்டுக் காட்டினார்கள். சைபீரியன் ஹஸ்கி போல, மரபணுவில் ஓநாய்க்கு நெருக்கமான பழைய இன நாய்கள் அதிகமாகவும் நீளமாகவும் ஊளையிட்டன. பிற்காலத்தில் மனிதர்கள் உருவாக்கிய இனங்கள் ஊளைக்குப் பதில் குரைத்தன. 5 வயதைத் தாண்டிய நாய்களிடம்தான் இந்த வேறுபாடு தெளிவாகத் தெரிந்தது. இந்த ஆய்வு 2023-ல் வெளியானது.

இனமும் வயதும் போக, பழக்கமும் ஒரு காரணம். நாய் முதல்முறை ஊளையிடும்போது பிள்ளைகள் சிரித்து, தட்டிக்கொடுத்து, பிஸ்கட் போட்டால் அது அடுத்த முறையும் ஊளையிடும். தனியாகக் கட்டிப்போடப்பட்ட நாய், துணை தேடி அதிகமாகக் குரல் கொடுக்கும். இனச்சேர்க்கைக் காலத்தில் ஆண் நாய்களும், குட்டியைப் பிரிந்த தாய் நாயும் ஊளையிடுவது எல்லோருக்கும் தெரிந்ததே.

இன்னொன்றையும் கவனிக்கலாம். வாத்தியத்தோடு நாய் ஊளையிடும்போது சுருதி சேர்வதே இல்லை. ஓநாய்க் கூட்டமும் அப்படித்தான். சேர்ந்து ஊளையிடும்போது ஒன்றின் சுருதியை இன்னொன்று பிடிக்காமல், ஆளுக்கொரு சுருதியில் நிற்கும். நாலைந்து ஓநாய்கள் ஊளையிட்டால் பெருங்கூட்டம் இருப்பதுபோல் தூரத்தில் இருப்பவருக்குக் கேட்கும்.

காது வலிக்கிறதா?

‘சத்தம் தாங்காமல்தான் நாய் கத்துகிறது’ என்று சிலர் சொல்வார்கள். இது எப்போதும் சரியல்ல. வலித்தால் நாய் அந்த இடத்தைவிட்டு ஓடும். ஊளையிடும் நாய்களில் பல, வாத்தியம் வாசிப்பவரின் பக்கத்திலேயே வந்து உட்கார்ந்துகொள்கின்றன.

ஆனால், ராட்சத ஒலிபெருக்கி, வாணவெடி, காதருகே ஊதும் பீப்பி போன்றவை நாயை உண்மையாகவே வதைக்கும். சத்தத்தின் தன்மை நாயின் மனநிலையை மாற்றுகிறது என்பதற்கும் சான்று உண்டு. வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகர ஆராய்ச்சியாளர்கள், நாய்க் காப்பகம் ஒன்றில் செய்த ஆய்வு 2002-ல் வெளியானது. மென்மையான சாஸ்திரிய இசை ஒலித்தபோது நாய்கள் அதிகநேரம் அமைதியாகப் படுத்திருந்தன. காதைக் கிழிக்கும் ‘ஹெவி மெட்டல்’ இசைக்கு அதிகமாகக் குரைத்தன.

குரலை வைத்துக் கண்டுபிடியுங்கள்!

ஊளையின் காரணம் புரிந்துவிட்டால், மற்ற குரல்களிலிருந்து அதைப் பிரிப்பது சுலபம்.

பதில் ஊளை: உட்கார்ந்தோ நின்றோ தலையைத் தூக்கி ஊளையிடும். உடம்பு தளர்வாக இருக்கும். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கும். வாத்தியம் நின்றதும் ஊளையும் நின்றுவிடும். தீனி வழக்கம்போல எடுக்கும். இதற்கு எதுவும் செய்யத் தேவையில்லை.

எச்சரிக்கைக் குரைப்பு: விட்டுவிட்டு வேகமாகக் குரைக்கும். வால் விறைப்பாக இருக்கும். மேளக்காரர்கள் தெருவுக்குள் நடந்து வரும்போதும், வேஷம் கட்டியவர்களைப் பார்க்கும்போதும் இப்படிக் குரைக்கும். வாத்தியத்தைப் பார்த்தல்ல, புது ஆட்களைப் பார்த்து வரும் குரைப்பு. காவல் நாய் தன் வேலையைச் செய்கிறது.

பயம்: வாலை இடுக்கிக்கொள்ளும். காது பின்னால் மடங்கும். நடுங்கும், மூச்சிரைக்கும், கட்டிலுக்கு அடியில் ஒளியும், கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடப் பார்க்கும். இந்த நேரத்தில் குழந்தைகள் அருகில் போகக் கூடாது. வளர்த்த நாயே என்றாலும், பயத்தில் கடித்துவிடும்.

நோய்: குரல் கரகரப்பாகி, பழைய குரலாகவே இருக்காது. சத்தம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் கத்தும். இருட்டில் போய்ப் பதுங்கும், எதிரில் இருப்பதையெல்லாம் கடிக்கும், எச்சில் ஒழுகும், தாடை தொங்கும், தள்ளாடி நடக்கும், சொந்தக்காரரையே அடையாளம் தெரியாததுபோல் நடந்துகொள்ளும். இவை வெறிநோயின் அறிகுறிகள். தொண்டைத் தசைகள் செயலிழப்பதால்தான் குரல் மாறுகிறது. அந்த நாயின் அருகில் யாரும் போகாமல், உடனே கால்நடை மருத்துவருக்குத் தகவல் சொல்ல வேண்டும்.

கடித்துவிட்டால் காத்திருக்காதீர்கள்

எந்த நாய் கடித்தாலும் முதலில் சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் காயத்தைக் கழுவ வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள், எண்ணெய் எதையும் வைக்கக் கூடாது. அன்றே அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்விட வேண்டும். மருத்துவர் சொல்லும் நாள்களில் எல்லா ஊசியையும் போட்டு முடிக்க வேண்டும். ஆழமான காயமென்றால், தடுப்பூசியோடு காயத்தைச் சுற்றிப் போடும் வேறொரு மருந்தும் தேவைப்படும். மலையிலிருந்து கீழே இறங்க நேரமாகும் என்று நாளைக் கடத்தினால் ஆபத்து. வெறிநோயின் அறிகுறி மனிதருக்கு வந்துவிட்டால் காப்பாற்றுவது ஏறக்குறைய முடியாத காரியம்.

தடுப்பூசி நமக்குப் புதிதும் அல்ல. பிரான்ஸில் லூயி பாஸ்டர் 1885-ல் முதன்முறையாக ஒரு சிறுவனுக்குப் போட்டுக் காப்பாற்றிய மருந்து அது. நம் நீலகிரி மாவட்டம் குன்னூரில் பாஸ்டர் நிறுவனம் 1907-லேயே தொடங்கப்பட்டுவிட்டது. நாய்க்கு 3 மாத வயதில் முதல் தடுப்பூசி போட்டு, பிறகு மருத்துவர் ஆலோசனைப்படி ஆண்டுதோறும் தொடர வேண்டும். பாஸ்டர் மறைந்த செப்டம்பர் 28-ம் தேதி உலக வெறிநோய் தினம். அதையொட்டி அரசு கால்நடை மருத்துவமனைகளில் இலவசத் தடுப்பூசி முகாம்கள் நடப்பது வழக்கம். அதைத் தவறவிடக் கூடாது.

பட்டி காத்த கோவிவன்

நாயின் குரலுக்கு இந்த மண்ணில் என்ன மதிப்பு இருந்தது என்பதற்குக் கல்லிலேயே சாட்சி இருக்கிறது. ஜவ்வாது மலையின் தெற்கு அடிவாரத்தில் இருக்கும் செங்கம் வட்டாரம் நடுகற்களுக்குப் பெயர்போனது. அங்கே எடுத்தனூரில் ஒரு நடுகல் உண்டு. மகேந்திரவர்மப் பல்லவன் காலத்தது, 7-ம் நூற்றாண்டு. எருமைகளைக் காத்து உயிர்விட்ட கருந்தேவக்கத்தி என்ற வீரனுக்கு எடுத்த கல். அவன் உருவத்துக்குப் பக்கத்தில் ஒரு நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. அதன் பெயர் கோவிவன் என்றும், அது இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காவல் நின்றது என்றும் கல்லில் எழுதி வைத்திருக்கிறார்கள். சுமார் 1,400 ஆண்டுகளுக்கு முன்பு, ஒரு காவல் நாயின் பெயரைக் கல்வெட்டில் பொறித்த மண் இது.

காவல் நாய் வைத்திருக்கும் விவசாயிகளுக்கு அதன் குரல் அத்துப்படி. பன்றிக்கு ஒரு மாதிரி, பாம்புக்கு ஒரு மாதிரி, பக்கத்துக் கொல்லைக்காரர் வந்தால் ஒரு மாதிரி குரைக்கும் என்பார்கள். ஹங்கேரியில் ‘முடி’ என்ற ஆட்டு நாய் இனத்தின் குரைப்பைப் பதிவுசெய்து, மக்களிடம் போட்டுக் காட்டினார்கள். நாய் வளர்த்தவர்கள், வளர்க்காதவர்கள் இரு தரப்பினருமே எந்தச் சூழ்நிலையில் குரைத்தது என்பதை ஓரளவு சரியாகச் சொன்னார்கள். 2005-ல் வெளியான ஆய்வு இது. அந்தக் காதை ஊளைக்கும் கொடுத்தால் போதும்.

திருவிழாவுக்கு முன்பு...

* ஒலிபெருக்கி கட்டும் இடத்துக்கும் வெடி போடும் இடத்துக்கும் அருகில் நாயைக் கட்டக் கூடாது. தூரம் இரண்டு மடங்கானால் சத்தம் கணிசமாகக் குறையும். ஊருக்கு வெளியே கொல்லைக் குடிசையிலோ, வீட்டின் பின்கட்டிலோ கட்டலாம்.

* வெடிச்சத்தத்தில் மிரண்டு ஓடும் நாய், மலைச்சாலையில் வண்டியில் அடிபடலாம். இருசக்கர வாகனத்தில் வருபவரையும் விழவைக்கலாம். கழுத்துப் பட்டை, கயிறு இரண்டையும் முதல் நாளே சரிபார்க்க வேண்டும்.

* குடிக்கத் தண்ணீரும், ஒதுங்கி ஒளிந்துகொள்ள மறைவான இடமும் இருக்க வேண்டும். பழக்கப்பட்டவர் ஒருவர் பக்கத்தில் இருந்தால் இன்னும் நல்லது.

* பிள்ளைகள் திருவிழாக் கடையில் வாங்கிய பீப்பியை நாயின் காதருகே ஊத விடக் கூடாது.

சில கேள்விகள்

மேளத்துக்கு மிரளாத நாயாக வளர்க்க முடியுமா?

முடியும். பிறந்து 3 வாரம் முதல் 12 வாரம் வரையிலான காலத்தில் குட்டி எதைக் கேட்டு, பார்த்துப் பழகுகிறதோ அதற்குப் பிற்பாடு பயப்படாது. கைப்பேசியில் மேளம், நாதஸ்வரம், வெடிச்சத்தத்தை மெல்லிய ஒலியில் வைத்து, தீனி கொடுத்தபடி கேட்க விடலாம். சில நாள்களுக்கு ஒருமுறை ஒலியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டலாம். குட்டி மிரண்டால் உடனே குறைத்துவிட வேண்டும்.

பூஜை நேரத்தில் ஊளையிடுவதை நிறுத்த என்ன வழி?

அடித்தால் நிற்காது. கத்தினாலும் நிற்காது, நம் சத்தத்தையும் பதில் குரலாக அது எடுத்துக்கொள்ளலாம். ஊளையிடும்போது யாரும் சிரிக்காமல், கவனிக்காமல் இருந்து, அமைதியானதும் தீனி கொடுத்தால் நாளடைவில் குறையும். பூஜைக்கு முன்பே கொல்லைப்பக்கம் அழைத்துப்போய்விடுவது அதைவிடச் சுலபம்.

வயதான நாய், எந்தச் சத்தமும் இல்லாமல் இரவில் ஊளையிடுகிறதே?

காதுவலி, மூட்டுவலி, பார்வைக் குறைவு, முதுமையால் வரும் தடுமாற்றம் என்று காரணம் பல இருக்கலாம். காதில் சீழோ துர்நாற்றமோ இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, கால்நடை மருத்துவரிடம் காட்டுவது நல்லது.